மீட்டர் படம் கிடைத்தது

அன்புள்ள கண்ணுக்கு,

நீ அனுப்பிய மீட்டர் படம் வந்தது. வண்டி லிட்டருக்கு 12தான் கொடுக்கிறது, பெட்ரோல் போட்டுக் கட்டுப்படியாகவில்லை, அதனால்தான் பொங்கலுக்கு வரவில்லை என்று அம்மாவிடம் சொன்னாயாம். என் கையில் இருந்தவரை அந்த ஆல்டோ 18க்குக் குறைந்ததில்லை. உன்னைக் குறை சொல்லவில்லை. பெங்களூரு நெரிசலில் எந்த வண்டியும் குடிக்கத்தான் செய்யும்.

முதலில் டயரில் காற்றைப் பார். எவ்வளவு வைக்க வேண்டும் என்று டிரைவர் பக்கத்துக் கதவைத் திறந்தால் ஸ்டிக்கரில் இருக்கும். காலையில், டயர் சூடாவதற்கு முன்னால் பார்க்க வேண்டும். காற்று இறங்கிய டயரில் ஓட்டுவது மணலில் சைக்கிள் மிதிக்கிற கதைதான். ஏர் ஃபில்டரைக் கழற்றித் தட்டிப் பார், தூசி கொட்டினால் மாற்றிவிடு. கிளட்ச் மேல் காலை வைத்துக்கொண்டே ஓட்டாதே. நான் கற்றுக்கொடுத்த நாளிலிருந்து உனக்கு அந்தப் பழக்கம் உண்டு. சிக்னல் நீளமாக இருந்தால் எஞ்சினை அணை. அப்புறம், அம்மா கொடுத்துவிட்ட ஆட்டுக்கல் இன்னும் டிக்கியில்தான் கிடக்கிறதா? இறக்கி வை. நீ மாவாட்டப் போவதில்லை என்று அவளுக்கும் தெரியும்.

தனியாக 200 கிலோமீட்டர் ஓட்டி வருகிற பெண் நம் வீட்டில் வேறு யார்? பெரியத்தையிடம் இதைச் சொல்லாத நாளில்லை. அப்படிப்பட்டவள் முள்ளைப் பார்த்தா மைலேஜ் கணக்குப் போடுவது? டேங்கை நிரப்பி மீட்டரைக் குறித்துக்கொள். மறுபடி நிரப்பும்போது எத்தனை லிட்டர் பிடித்ததோ, ஓடிய தூரத்தை அதால் வகு.

பக்கத்துக் கடைக்கு மட்டும் எடுத்தால் மைலேஜ் விழத்தான் செய்யும். எஞ்சின் சூடேறும் வரை பெட்ரோல் கூடுதலாகத்தான் போகும். ஏன் சொல்கிறேன் என்றால், தீபாவளி முடிந்து நீ கிளம்பியபோது என் நோட்டில் 61,240 என்று எழுதியிருக்கிறேன். படத்தில் 61,655. ஊர் போய்ச் சேரவே 200. மீதி 215. ஆபீஸ் போய்வர 28 என்று நீதான் சொன்னாய். எட்டு நாள் ஓட்டம்கூட வரவில்லை. மெட்ரோவில் போகிறாயோ என்னவோ. சரி, அது உன் வசதி. டயரில் காற்றைப் பார்.

இன்னொன்று. தொப்பூர் இறக்கத்தில் நியூட்ரலில் விடாதே. டீசல் மிச்சம் பிடிக்கிறேன் என்று லாரிகள் அப்படி வந்துதான் அங்கே பிரேக் பிடிக்காமல் மோதுகின்றன. உன் வண்டியில் அதில் மிச்சமும் கிடையாது. கியரில் இருக்கும்போது ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால் எஞ்சினுக்குப் பெட்ரோல் போவதே நின்றுவிடும். நியூட்ரலில்தான் எஞ்சின் அணையாமல் இருக்கப் பெட்ரோல் கேட்கும்.

இதைச் சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை. பழைய மாருதி 800இல் பெரியத்தை வீட்டிலிருந்து திரும்பும்போது அங்கே நியூட்ரலில் போட்டு ஏரோப்ளேன் விடுவேனே, நீ பின் சீட்டில் கை தட்டுவாயே, அது விளையாட்டில்லை கண்ணு. அப்போது மில்லில் நாலு மாதமாகச் சம்பளம் இல்லை. அம்மாவுக்குத் தெரியாது. தினமும் டிபன் பாக்ஸோடு கிளம்பிப் போய்விட்டுச் சாயங்காலம் வருவேன். கடைசியாக விட்ட அன்றைக்குப் பாதி இறக்கத்தில் பிரேக் தீய்ந்த வாசனை. மிதித்தால் பெடல் தரைவரை போகிறது. முன்னால் கம்பி ஏற்றிய லாரி. ஹேண்ட்பிரேக்கை இழுத்து, கியரைக் குத்தி, ஓரத்துச் சரளையில் ஏற்றி நிறுத்தினேன். நல்லவேளை, அங்கே ஒரு கொய்யாக்காரி உட்கார்ந்திருந்தாள். கொய்யா வாங்கத்தான் நிறுத்தினேன் என்று அம்மாவிடம் சொன்னேன். உப்பு மிளகாய்த்தூள் கேட்டு நீ அழுதாய். என் கை நடுங்கியதை நீங்கள் யாரும் பார்க்கவில்லை.

சனிக்கிழமை வா. பெட்ரோல் நான் போடுகிறேன். வர முடியாவிட்டால் சொல், காற்றுப் பார்க்கிற கேஜை எடுத்துக்கொண்டு நானே பஸ் ஏறிவிடுகிறேன். மீட்டர் கணக்கை அம்மாவிடம் காட்டவில்லை.

அப்பா