காது குத்த ஒரு தனி அறை கேட்டு

டெல்டா மாவட்டக் கோயில்களின் செயல் அலுவலர்களுக்கும் அறங்காவலர்களுக்கும் வணக்கம்.

ஆவணி ஞாயிறு என்றால் புன்னைநல்லூர், செவ்வாய்க்கிழமை என்றால் வைத்தீஸ்வரன்கோயில், கிருத்திகைக்குச் சுவாமிமலை என்று வேன் வேனாக வந்து இறங்குகிறார்கள். குலதெய்வம் கோயிலுக்கு வருபவர்கள் தனிக் கணக்கு. மொட்டை, குளியல், தாய்மாமன் மடி, காதுகுத்து, சாப்பாடு எல்லாம் ஒரே முற்பகலில் முடிந்துவிடும். அந்த வழக்கத்தை நாங்கள் குறை சொல்லவில்லை. எந்தக் கோயிலையும் சுட்டிக்காட்டவும் இல்லை. கேட்பது ஒன்றுதான்: காது குத்தும் இடத்தை மொட்டை போடும் இடத்திலிருந்து பிரித்துத் தனி அறை கொடுங்கள்.

2021 முதல் முடிகாணிக்கைக்குக் கட்டணம் இல்லை. அதற்கென்று மண்டபம், சீட்டு, ஆள் எல்லாம் இருக்கின்றன. புது பிளேடு கேட்டு வாங்கும் பழக்கமும் ஜனங்களுக்கு வந்துவிட்டது. காதுகுத்து மட்டும் மண்டபத்தின் ஓரத்தில், தூண் அருகில், கிடைத்த நாற்காலியில் நடக்கிறது. தரையெல்லாம் ஈரமும் முடித் துணுக்கும். குழந்தையின் தலையில் அப்பிய சந்தனம் வியர்வையோடு கரைந்து காதுமடல் வழியாக இறங்கும். குத்திய துளை ஒரு திறந்த புண். அதில் சந்தனமோ முடித் துணுக்கோ சேர்ந்தால் சீழ் பிடிக்கும். மொட்டையும் குளியலும் முதலில் முடியட்டும். தலையை நன்றாகத் துவட்டி, காதைக் குத்தி, அதன் பிறகு சந்தனம் தடவட்டும். அதுவும் காதுக்கு இரண்டு விரல் மேலேயே நிற்கட்டும். குத்திய பிறகு குளத்தில் முழுக்குப் போட விடாதீர்கள்.

அறை பெரிதாக வேண்டாம். எட்டடிக்குப் பத்தடி போதும். குழாய், சோப்பு, நல்ல வெளிச்சம், துடைக்கக்கூடிய மேசை ஒன்று, தாய்மாமன் உட்கார முதுகு சாயாத நாற்காலி ஒன்று.

இனி கருவிகள். பெற்றோர்கள் இப்போது விவரமானவர்கள், “ஊசி புதுசா?” என்று கேட்கிறார்கள். ஆசாரியும் உறையைக் கிழித்துக் காட்டுவார். ஆனால் வளையத்தை முறுக்கி மூடும் குறடு? அதை யாரும் கேட்பதில்லை. குறட்டின் வாயில் பிடிமானத்துக்கு வரிவரியாகப் பல் இருக்கும். முதல் குழந்தையின் காதில் துளிர்த்த ரத்தம் அந்த வரிகளுக்குள் போய்க் காய்ந்துவிடும். கண்ணுக்குத் தெரியாது, துணியால் துடைத்தாலும் போகாது. கல்லீரலைத் தாக்கும் ஹெபடைட்டிஸ் பி வைரஸ் காய்ந்த ரத்தத்தில் 7 நாட்கள் வரைகூட உயிர்ப்போடு இருக்கும். அதே குறடு அடுத்த குழந்தைக்குப் போகிறது. சாமணமும் அப்படித்தான்.

ஸ்பிரிட்டில் முக்கி எடுப்பதும் கொதிநீரில் போடுவதும் இதற்குத் தீர்வாகாது. டெட்டனஸ் கிருமியின் வித்துகள் இரண்டுக்கும் சாகா. நீராவி அழுத்தம்தான் வழி: ஆட்டோகிளேவில் 121 டிகிரி, 15 பவுண்டு அழுத்தம், துணியில் சுற்றிய பொட்டலமாக இருந்தால் 30 நிமிடம். எடுத்தபின் பொட்டலம் ஈரமாக இருந்தால் அதைப் பயன்படுத்தாதீர்கள். ஈரத்துணி வழியே கிருமி உள்ளே போகும். பொட்டலத்தின் மேல் ஒட்டும் ஆட்டோகிளேவ் டேப்பில் கருங்கோடு வந்திருந்தால் சூடு பட்டது என்று மட்டும்தான் பொருள். எத்தனை நிமிடம் இருந்தது என்பதை ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். குறடும் சாமணமும் சேர்ந்த செட் ஒரு குழந்தைக்கு ஒன்று. முகூர்த்த நாளில் எத்தனை குழந்தை வரும் என்று உங்கள் ஆசாரிக்கே தெரியும். அத்தனை செட் வேண்டும். முடியாவிட்டால் வளையத்தை விட்டுவிட்டு, கையுறை போட்ட விரலாலேயே மாட்டக்கூடிய திருகாணிக் கம்மலுக்கு மாறிவிடலாம். குறட்டுக்கே வேலை இருக்காது.

தாய்மாமன் சீர்த்தட்டில் வெற்றிலை, பழத்தோடு கம்மலும் வரும். பத்துக் கை பட்ட பொருள் அது. கல் வைத்ததாக இருந்தால் உள்ளே அரக்கு இருக்கலாம்; ஆட்டோகிளேவ் சூட்டில் இளகிவிடும். குத்தும்போது கல் இல்லாத, கெட்டியான 22 காரட் பொன் கம்மலே போதும். காலையிலேயே வாங்கிப் பெயர் எழுதிய உறையில் போட்டுக் கருவிகளோடு சேர்த்து ஆட்டோகிளேவில் வைத்துவிடலாம். சீர்க் கம்மலை ஆறு வாரம் கழித்துப் போட்டால் மாமன் ஒன்றும் கோபித்துக்கொள்ள மாட்டார். கவரிங் மட்டும் கூடவே கூடாது. அதிலுள்ள நிக்கல் புண்ணில் பட்டால் ஒவ்வாமை வரலாம், வந்தால் ஆயுளுக்கும் விடாது.

சில ஊர்களில் ஆசாரியை நிறுத்திவிட்டு ‘கன்’ (துப்பாக்கி போல அழுத்திக் காது குத்தும் கருவி) கொண்டுவரலாம் என்ற பேச்சு இருக்கிறது. நவீனமாகத் தெரிகிறது என்பதைத் தவிர அதில் லாபம் இல்லை. பிளாஸ்டிக் கன்னை ஆட்டோகிளேவில் வைத்தால் உருகிவிடும். அது கூரான ஊசியால் வெட்டி வழி விடுவதில்லை, மழுங்கிய தண்டை விசையால் அடித்து ஏற்றுகிறது, சதை நசுங்கும். மேல்காதுக் குருத்தெலும்பில் பட்டால் குருத்து சிதைந்து, தொற்று வந்து, காதின் வடிவமே மடங்கிப்போகலாம். கைப்பழக்கம் உள்ள ஆசாரியும் உறையிட்ட புது ஊசியும் அதைவிட எவ்வளவோ மேல்.

18 கேஜ் ஊசியின் வெளிவிட்டம் சுமார் 1.2 மில்லிமீட்டர். கம்மல் தண்டு 0.8 அளவில் இருந்தால் ஊசி விட்ட வழியில் தடையின்றி நுழையும். தண்டு ஊசியைவிடத் தடித்திருந்தால் திணிக்க வேண்டிவரும், துளை கிழியும். குறி வைக்கும்போது குழந்தை நிமிர்ந்து உட்கார்ந்து நேரே பார்க்க வேண்டும். மடியில் சாய்த்து வைத்தால் மடல் இழுபட்டு இரண்டு காதும் ஏறுக்குமாறாகிவிடும். 70 சதவீத ஸ்பிரிட்டால் முன்னும் பின்னும் துடைத்து, தானாகக் காய அரை நிமிடம் விட்டு, மடலின் நடுவில் பொட்டு வையுங்கள். கீழ் விளிம்பை ஒட்டி வைத்தால் பின்னாளில் ஜிமிக்கி கனத்தில் அறுந்து தொங்கும். மைக் குச்சியும் ஒரு குழந்தைக்கு ஒன்றுதான். திருகாணியை முட்ட முறுக்காமல் 2 மில்லிமீட்டர் இடைவெளி விடுங்கள். மடல் வீங்கினால் இடமில்லாமல் திருகாணி சதைக்குள் புதைந்துவிடும். மரத்துப்போகும் களிம்பை மருத்துவர் சொல்லாமல் தடவ வேண்டாம். கைக்குழந்தையாக இருந்தால் தாய் பால் கொடுத்துக்கொண்டிருக்கும்போதே குத்தலாம், அழுகை குறையும்.

சீட்டு கொடுப்பவர் தடுப்பூசி அட்டையைக் கேட்கட்டும். 6, 10, 14 வாரங்களில் போடும் பென்டாவேலன்ட் (ஐந்து நோய்களுக்கான ஒரே தடுப்பூசி) மூன்று தவணையும் முடிந்திருக்க வேண்டும். டெட்டனஸ், ஹெபடைட்டிஸ் பி இரண்டுக்கும் காப்பு அதில்தான். ஏழாம் மாதம், ஒன்பதாம் மாதம் என்ற நம் ஒற்றைப்படை வழக்கம் இதற்குத் தோதாகவே இருக்கிறது. காய்ச்சல் இருந்தால் தள்ளிப்போடச் சொல்லுங்கள். ரத்தம் உறையாத நோயோ இதயக் கோளாறோ உள்ள குழந்தை மருத்துவரைப் பார்த்துவிட்டு வரட்டும்.

அந்தச் சீட்டின் பின்பக்கம் காலியாகத்தானே இருக்கிறது? இதை அச்சிடுங்கள்: “கொதித்து ஆறிய ஒரு டம்ளர் (250 மில்லி) நீரில் கால் தேக்கரண்டி உப்பு. கை கழுவி, சுத்தமான பஞ்சால் தினம் இருவேளை துடைக்கவும். ஆறு வாரம் கம்மலைக் கழற்றவோ திருகித் திருகிச் சுற்றவோ வேண்டாம். எண்ணெய், மஞ்சள், திருநீறு தடவ வேண்டாம். வேப்பங்குச்சி, ஈர்க்குச்சி செருக வேண்டாம். சிவப்பு பரவினால், சீழ் வந்தால், திருகாணி புதைந்தால், காய்ச்சல் அடித்தால் அன்றே மருத்துவரிடம் போகவும்.” திருநீறு எரித்த சாம்பல்தானே என்று சிலர் கேட்பார்கள். நெற்றிக்கு அது சரி. ஆயிரம் விரல் பட்ட தட்டிலிருந்து எடுத்துப் புண்ணில் வைக்க அது மருந்தல்ல.

குத்திய ஊசியை மூடி போடாமல் அப்படியே வெள்ளை நிறத் துளைபடாத டப்பாவில் போட வேண்டும். 2016 மருத்துவக் கழிவு விதிகளில் கூரான பொருட்களுக்கு உரிய நிறம் அது. முக்கால் பாகம் நிறைந்ததும் மூடி, அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்தில் பேசி ஒப்படையுங்கள். குப்பைக்கூடையில் போனால் மறுநாள் அதை வெறுங்கையால் அள்ளுபவர் உங்கள் கோயிலின் துப்புரவுப் பணியாளர்.

இப்படிக்கு,
டெல்டாவில் குழந்தைகள் பிரிவுகளில் பணிபுரியும் செவிலியர், மருத்துவர் சிலர்