ரயிலுக்குக் கட்டிக்கொண்டு போகும் சாப்பாடு

ஆசிரியர் அவர்களுக்கு,

கொழும்புக் கோட்டையில் யாழ்ப்பாணம் போகும் யாழ்தேவி ரயில் ஏறுகிறவர்கள் பலர் இடியப்பமும் தேங்காய்ச் சம்பலும் கட்டிக்கொண்டு வருகிறார்கள், அனுராதபுரம் தாண்டிப் பார்சலைப் பிரித்தால் வெக்கையில் சம்பல் புளித்திருக்கும், அப்புறம் எல்லாம் ஜன்னலுக்கு வெளியேதான். பச்சைத் தேங்காய் அவ்வளவு நேரம் தாங்காது. வெங்காயத்தை நன்றாக வதக்கிப் புளி விட்டுச் செய்த சீனிச் சம்பலும் பாணும் என்றால் கவலையில்லை, கூட நாலு கதலி வாழைப்பழம்.

ரயில் பெட்டிக்குள் விற்க வரும் உளுந்து வடை, பருப்பு வடை, கடலை எல்லாம் வேண்டாம் என்று நான் சொல்லமாட்டேன் (அது இல்லாமல் என்ன ரயில் பயணம்!), ஆனால் எண்ணெய் சொட்டும் வடையைப் பிள்ளைகள் எழுதி முடித்த கொப்பித் தாளில் சுற்றித் தருவது சரியில்லை, மையும் சேர்ந்துதான் வயிற்றுக்குள் போகிறது. ஒரு துண்டு வாழையிலை போதுமே.

குடிக்க, பிளாஸ்கில் பால் தேத்தண்ணியைவிட இஞ்சி போட்ட பிளேன்ரீ நல்லது, பால் கெட்டுவிடும். தண்ணீரைக் கொதிக்கவைத்து ஆறவிட்டு வீட்டிலிருந்தே கொண்டுபோங்கள். பொல்கஹவெல, மாகோ, வவுனியா போன்ற நிலையங்களில் போத்தல் நிரப்ப ஒரு நல்ல குடிநீர்க் குழாய் இருந்தால் அந்தச் சுமையும் குறையும், பொறுப்பானவர்கள் இதைக் கொஞ்சம் பார்க்கவேண்டும்.

வாசகர் ஒருவர்,
வெள்ளவத்தை, கொழும்பு