அபராதம் யார் சம்பளத்தில்?

மாண்புமிகு சட்டமன்ற உறுப்பினர்களுக்கு,

வணக்கம். அரசுச் சேவை தாமதமானால் பொறுப்பான அலுவலர் சம்பளத்திலேயே அபராதம் பிடிக்க ஒரு சட்டம் எழுதுங்கள் என்று கேட்கத்தான் இந்தக் கடிதம். அப்பா காலமான பிறகு பட்டாவில் பெயர் மாற்ற இ-சேவை மையத்தில் விண்ணப்பம் போட்டேன். ஒப்புகைச் சீட்டைப் பிரித்துக் காட்டிக் காட்டி நடு மடிப்பில் கிழிந்தே போனது. போனால் ஒரு நாள் 'சர்வர் டவுன்', மறுநாள் 'வி.ஏ.ஓ. மீட்டிங் போயிருக்காரு'. ஏழாவது மாதம், பத்து ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி, தகவல் உரிமைச் சட்டத்தில் ஒரே கேள்வி கேட்டேன்: என் மனு யார் மேசையில், எத்தனை நாளாக இருக்கிறது? இருபத்தாறாம் நாள் போன் வந்தது. "சார், உங்க பட்டா ரெடி. அந்த ஆர்.டி.ஐ.யை மட்டும் வாபஸ் வாங்கிக்கிறீங்களா?"

அந்தப் பதற்றத்துக்குக் காரணம் 2005-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 20-ஆவது பிரிவு. தக்க காரணமில்லாமல் தகவலை இழுத்தடித்தால் நாளொன்றுக்கு 250 ரூபாய், 25,000 ரூபாய் வரை அபராதம். கட்ட வேண்டியது அரசு அல்ல, அந்த அலுவலர். அதுவும் அவர் தரப்பு விளக்கத்தைக் கேட்ட பிறகுதான். ஆகவே இரண்டு கிராமத்தைச் சேர்த்துச் சுமக்கும் வி.ஏ.ஓ. பயப்பட வேண்டியதில்லை.

மற்ற வழிகளைப் பாருங்கள். சிவில் வழக்கென்றால் முதலில் இரண்டு மாத நோட்டீஸ். உயர் நீதிமன்றத்தில் ரிட் மனுவென்றால் சென்னைக்கோ மதுரைக்கோ பஸ் ஏற வேண்டும். ஜெயித்தாலும் பணம் யார் பையிலிருந்து வருகிறது? பீகாரில் ருதுல் ஷா, நீதிமன்றம் விடுவித்த பிறகும் 14 ஆண்டுகள் சிறையில் கிடந்தார். 1983-இல் உச்ச நீதிமன்றம் அவருக்கு மொத்தம் 35,000 ரூபாய் கொடுக்க வைத்தது. கொடுத்தது மாநில அரசு, அதாவது வரி கட்டிய ஜனங்கள். 1993-இல் லக்னோ வளர்ச்சி ஆணைய வழக்கில்தான், அலைக்கழித்ததற்கான இழப்பீட்டைப் பொறுப்பானவர்களிடமிருந்தே வசூலிக்கச் சொன்னது அதே நீதிமன்றம். அது அந்தந்த வழக்கில் நீதிபதி சொன்னால்தான் நடக்கும்.

லஞ்சம் வாங்கியவரைப் பிடிக்க ரசாயனம் தடவிய நோட்டு இருக்கிறது. கோப்பைத் தூங்கப்போட்டவரைப் பிடிக்க என்ன பவுடர்?

கர்நாடகத்தின் சேவை உறுதிச் சட்டத்தில் தாமதத்துக்கு ஒரு நாளைக்கு 20 ரூபாய், 500-க்கு மேல் போகாது. டீச்செலவுதான். ஆனாலும் அந்தக் காசு தவறு செய்தவரிடமிருந்து வசூலாகிறது. நீங்கள் எழுதும் சட்டத்தில் தொகை எவ்வளவு என்பதைப் பிறகு பேசலாம்; பட்டா, வாரிசுச் சான்று, முதியோர் உதவித்தொகை எதுவானாலும் கெடு தாண்டினால் பொறுப்பானவர் சம்பளத்தில் பிடித்தம் என்ற வரி முதலில் வரட்டும். ஒப்புகைச் சீட்டில் கெடு தேதியும், எந்தப் பதவியில் இருப்பவர் பொறுப்பு என்பதும் அச்சாக வேண்டும். என் சீட்டில் இருந்தது ஒரு நீளமான எண் மட்டும்.

ஆர்.டி.ஐ.யை நான் வாபஸ் வாங்கவில்லை. பட்டா வந்துவிட்டது, பதில் வரவில்லை. மேல்முறையீடு போட்டிருக்கிறேன்.

இப்படிக்கு,
உங்கள் வாக்காளர்களில் ஒருவன்