வீட்டை விற்கப் போவதில்லை

அன்பு மகனுக்கு,

புவெனஸ் அயர்ஸ் வீட்டை விற்றுவிட்டு மாட்ரிட்டுக்கே வந்துவிடுங்கள் என்று போன ஞாயிறு போனில் சொன்னாய். அப்போது எனக்குப் பேச்சு வரவில்லை. அதனால் எழுதுகிறேன்.

1979 டிசம்பர் 2. எனக்கு ஒன்பது வயது. உன் தாத்தா என்னை அவெனிதா லா பிளாட்டா சாலையில் இருந்த, நம் கால்பந்து கிளப் சான் லொரென்சோவின் பழைய மைதானத்துக்குக் கூட்டிப்போனார். போகா ஜூனியர்ஸோடு ஆட்டம். இரு பக்கமும் கோல் இல்லை. சான் லொரென்சோ அங்கே ஆடிய கடைசி லீக் ஆட்டம் அதுதான் என்று எனக்கு அப்போது தெரியாது. அந்த மரப்பலகைப் படிகளில் எல்லோரும் சேர்ந்து குதித்தால் காலுக்கடியில் அதிரும். அது இன்னும் என் உள்ளங்காலில் இருக்கிறது.

கிளப்புக்குக் கடன், நாட்டில் ராணுவ ஆட்சி. தெரு போடணும், வீடு கட்டணும் என்று நெருக்கி நிலத்தைக் கைவிட வைத்தார்கள். தெருவும் வரவில்லை, வீடும் வரவில்லை. சூப்பர் மார்க்கெட்தான் வந்தது. உன் தாத்தா சாகும்வரை அந்தக் கடையில் ஒரு ரொட்டிகூட வாங்கவில்லை.

1981-ல் இரண்டாம் பிரிவுக்கு இறங்கினோம். அர்ஜென்டினாவின் ஐந்து பெரிய கிளப்களில் முதலில் விழுந்தது நாம்தான். அடுத்த வருஷம் இரவல் மைதானங்களில் ஆடியே மேலே ஏறினோம். அந்த வருஷம் நமக்குச் சேர்ந்த கூட்டத்தை முதல் பிரிவுக்காரர்களே பார்த்து மலைத்தார்கள்.

தாத்தா அடிக்கடி சொல்வார்: தெருவில் பந்தாடிய ஒரு பையன் டிராமில் அடிபடப் பார்த்தானாம். அதைக் கண்ட பாதிரியார் லொரென்சோ மாசா, ஞாயிறு பூசைக்கு வந்தால் தேவாலய முற்றத்திலேயே ஆடலாம் என்றாராம். 1908-ல் கிளப் பிறந்தது அப்படித்தான். அவருடைய கறுப்பு அங்கியால்தான் நமக்குக் 'காகங்கள்' என்று பெயர்.

2012 மார்ச்சில் அந்த நிலத்தைத் திருப்பிக் கேட்டு பிளாசா தெ மாயோ சதுக்கம் நிறைய ஆட்கள், நினைவிருக்கிறதா? தொண்டை கட்டும்வரை கத்தினாய். அந்த நவம்பரிலேயே நிலத்தைத் திருப்பித் தரும் சட்டம் நிறைவேறியது. அப்புறம் நிலத்தை வாங்க ரசிகர்கள் சதுர மீட்டர் கணக்கில் பணம் கட்டினார்கள். அதில் ஒரு சதுர மீட்டர் நம் வீட்டுக் காசு. 2019-ல் நிலம் கைக்கு வந்தது.

மைதானம் இன்னும் எழும்பவில்லை. எழும்பும்போது நான் இங்கே, நம் போவேதோ பேட்டையில் இருக்கணும்.

வரும்போது பேத்தியின் போட்டோ இரண்டு கொண்டு வா. அவளுக்கும் உறுப்பினர் அட்டை எடுக்கணும்.

அன்புடன்,
அப்பா