‘அதற்கு முன்னால்?’ என்று கேட்ட டாக்டருக்கும் மற்றவர்களுக்கும்

கோத்தகிரியில் எங்கள் அப்பாவின் இருமலைக் கேட்காத வீடு எங்கள் வரிசையில் இல்லை. மலைக்குளிர் என்றார்கள், பீடி என்றார்கள். சளியில் கிருமி இல்லை என்று முடிவு வந்த பிறகும் ஓர் ஆஸ்பத்திரியில் ஆறு மாதம் காசநோய் மாத்திரை கொடுத்தார்கள். 2019இல் வேறொரு டாக்டரம்மா, “என்ன வேலை பார்த்தீர்கள்?” என்று கேட்டார். “தேயிலைத் தோட்டம்” என்றார் அப்பா. “அதற்கு முன்னால்?”

முதல் நன்றி அந்தக் கேள்விக்கு.

இலங்கைத் தோட்டத் தமிழர்களில் ஒரு பகுதியினரைத் திருப்பி அழைத்துக்கொள்ள இந்தியாவும் இலங்கையும் செய்துகொண்ட சாஸ்திரி - சிறிமாவோ ஒப்பந்தப்படி இலங்கையிலிருந்து வந்து ராமேஸ்வரத்தில் இறங்கிய குடும்பம் எங்களுடையது. மலையில் கூலி போதாமல் 1983இல் அப்பா கீழே இறங்கி, ஒரு கல்நார் (ஆஸ்பெஸ்டாஸ்) ஷீட் ஆலையில் ஒப்பந்தக்காரரிடம் சேர்ந்தார். சாக்கைக் கிழித்து நாரைக் கலவைத் தொட்டியில் கொட்டுவது வேலை. 2004 வரை அதேதான். மூக்கில் கட்டிக்கொள்ளத் துண்டு, அதுவும் சொந்தத் துண்டு. சனிக்கிழமைதோறும் மேட்டுப்பாளையம் பஸ்ஸில் அழுக்குத் துணி மூட்டையோடு வருவார். அம்மா அதை உதறித் துவைப்பார். உடைந்த ஷீட்டை ஆலையில் இலவசமாகத் தருவார்கள். எங்கள் கோழிக்கூண்டின் கூரை அதுதான்.

ஸ்கேனில் நுரையீரலின் அடிப்பகுதி முழுக்கத் தழும்பு. அதன் உறையில் சுண்ணாம்புத் திட்டுகள். கல்நார்த் தூசி உள்ளே போய்ப் பல ஆண்டுகள் கழித்தே இந்த நோய் தலைகாட்டும் என்றும், தழும்பு விழுந்த இடம் திரும்பச் சரியாகாது என்றும் டாக்டரம்மா மறைக்காமல் சொன்னார். இது தொழில்நோய், நஷ்டஈடு கேட்கலாம் என்று சொன்னவரும் அவரே.

உதகையில் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழு அமர்த்திக் கொடுத்த வழக்கறிஞருக்கு நாங்கள் ஒரு ரூபாய் கொடுக்கவில்லை. ஆலைத் தொழிலாளிக்கு இலவச சட்ட உதவி உரிமை என்பதே எங்களுக்கு அன்றுவரை தெரியாது. ஆலை இருக்கும் ஊருக்கு அலைய வேண்டாம், குடியிருக்கும் இடத்திலேயே மனுப் போடலாம் என்று அவர் சொன்னபோதுதான் அம்மாவின் முகம் தெளிந்தது.

“இவர் எங்கள் ஆளே இல்லை, ஒப்பந்தக்காரரின் ஆள்” என்றது நிர்வாகம். ஒப்பந்தக்காரர் இறந்து பல வருடம் ஆகிவிட்டது. ஒப்பந்தக்காரர் வழியாக வேலை வாங்கினாலும் ஆலை முதலாளிக்கே பொறுப்பு என்று சட்டம் சொல்கிறதாம். ஆனால் வேலை பார்த்ததை யார் நிரூபிப்பது? அப்பாவிடம் ஒரு சீட்டுகூட இல்லை. ஆலையில் எடுத்த எக்ஸ்ரேக்களைக் கேட்டோம், இல்லை என்றார்கள். வேலையில் சேர்ந்த நாளிலிருந்து 40 வருடம், அல்லது வேலையை விட்டபின் 15 வருடம், இதில் எது பிந்தியதோ அதுவரை உடல்நலப் பதிவேட்டை வைத்திருக்க வேண்டும் என்று 1995இலேயே உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொல்லியிருக்கிறது. வழக்கறிஞர் அதை எடுத்து நீட்டினார். பதிவேடு கடைசிவரை வரவில்லை.

காரமடையிலிருந்து இரண்டு பேர் வந்தார்கள். அப்பாவோடு அதே தொட்டியில் நாரைக் கொட்டியவர்கள். ஒருவருக்குப் பேசினாலே மூச்சு வாங்கும். படியேறி வந்து, பாதி நேரம் இருமியபடியே சாட்சி சொன்னார். எங்களுக்காக ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு வந்தார்கள். டீ வாங்கித் தந்தோம், அதற்கும் காசை நீட்டினார்கள். அவர்களுக்கு எப்படி நன்றி சொல்வது என்று இன்னும் தெரியவில்லை.

“பீடி பிடித்தவர்தானே?” என்று எதிர்த்தரப்பு கேட்டது. பிடித்தார், உண்மை. டாக்டரம்மா விடுப்புப் போட்டு வந்து, “பீடி இப்படித் திட்டுப் போடாது” என்று படத்தை வெளிச்சத்தில் தூக்கிக் காட்டினார்.

விசாரணை நாள்களில் அப்பாவுக்கு முன் இருக்கையை ஒதுக்கி வைத்த பஸ் நடத்துநர், ஆக்சிஜன் சிலிண்டரை மேட்டில் சுமந்து வந்த பக்கத்து வீட்டுத் தம்பிகள், வாய்தா தேதியை முன்கூட்டியே போனில் சொன்ன அலுவலக உதவியாளர், எல்லோருக்கும் எங்கள் வணக்கம்.

2023இல் உத்தரவு வந்தது. பணமும் வந்துவிட்டது, கடன் தீர்ந்தது. அம்மாவுக்கும் இப்போது வருடம் ஒரு எக்ஸ்ரே எடுக்கிறோம். அந்தத் தூசித் துணியைத் துவைத்தவருக்கு நஷ்டஈட்டுச் சட்டத்தில் இடமில்லை என்று வழக்கறிஞர் தலையைக் குனிந்துகொண்டு சொன்னார்.

கல்நார் ஆலையில் வேலை பார்த்துவிட்டு மலைக்குத் திரும்பியவர்கள் யாராவது இருந்தால் வீட்டுக்கு வாருங்கள். மனுவின் நகல், தீர்ப்பின் நகல் எல்லாம் ஒரு பையில் இருக்கின்றன. மாலை நான்கு மணிக்கு மேல் வந்தால் அப்பாவே பேசுவார்.