ஆச்சி கேட்ட கேள்வி

மல்லாவி

அன்பின் மச்சான்,

பதில் போடேல்லை எண்டு கோவத்தில இருப்பாய். அருவிவெட்டு, அம்மான்ர முழங்கால், யானை வந்து வாழையை உழக்கினது, சாட்டு இவ்வளவும் காணும். கட்டையன் சுகம். இன்னும் அதே ஹோண்டாவைத்தான் தள்ளிக்கொண்டு திரியிறான்.

நீ அனுப்பின கிழக்குத் திமோர்க் கதையை வாசிச்சன். 2001 இல, விடுதலைக்கு முந்தியே, நாட்டுக்கு அரசியல் யாப்பு எழுதச் சனத்திட்டக் கேக்கவெண்டு 13 மாவட்டத்திலயும் கூட்டம் வைச்சு, 38,000 பேரளவில வந்து கதைச்சவை எண்டு துள்ளுறாய். மிச்சத்தையும் வாசிச்சியோ? யாப்பு எழுதின 88 பேர் சபையில 55 பேர் பிரெட்டிலின் கட்சி. எழுதி முடிக்க முதல் குடுத்த தவணை 90 நாள். சபை கையில எடுத்தது பெரும்பாலும் அந்தக் கட்சியின்ர வரைபைத்தான். சனம் சொன்னதுக்கு அதில பெரிய இடம் கிடைக்கேல்லை.

எங்களையும் கேட்டவைதானே! 2016 இல இலங்கைக்குப் புது யாப்பு எழுதச் சனத்தின்ர கருத்துக் கேக்க லால் விஜேநாயக்க தலைமையில குழு ஒண்டு மாவட்டம் மாவட்டமாய் வந்தது. கிளிநொச்சியில நானும் போய் இருந்தனான். படிச்ச ஆக்கள் சமஷ்டி எண்ட கூட்டாட்சி, மாகாண சபையளைக் கொண்டுவந்த 13 ஆம் திருத்தம் எண்டு நீட்டி முழக்கிச்சினம். பிறகு ஒரு ஆச்சி எழும்பினா. கையில சொப்பிங் பை, அதுக்குள்ள அரசாங்கம் குடுத்த காணிப் பெர்மிட், நாலாய் மடிச்சபடி. மனுசன் பின்னுரித்து, அதுதான் தனக்குப் பிறகு காணி ஆருக்கு எண்டு, எழுதாமலே செத்திட்டாராம். காணி தனக்குச் சீவியத்துக்கு மட்டும், பிறகு மூத்த பெடியனுக்கு எண்டு சொல்லினமாம். "என்னைப் பாக்கிறது மகளெல்லோ?" எண்டு கேட்டா. எனக்குப் பக்கத்தில இருந்தவர் சிரிச்சார். "ஆச்சி, இது காணிக் கந்தோர் விசயம்."

மச்சான், அதுதானடா யாப்பு! 1935 ஆம் ஆண்டுக் காணி அபிவிருத்திச் சட்டத்தில அப்ப ஆம்பிளைப் பிள்ளைக்குத்தான் முதலிடம் இருந்தது. ஆண் பெண் பாகுபாடு கூடாது எண்டு எங்கட யாப்பின்ர 12 ஆம் உறுப்புரை சொல்லுது. ஆனா பழைய சட்டங்கள் அடிப்படை உரிமையோட முரண்பட்டாலும் செல்லும் எண்டு 16 ஆம் உறுப்புரை சொல்லுது. ஆச்சி ஒரு இலக்கமும் சொல்லாமல் அந்த ஓட்டையில நேரா விரலை வைச்சிட்டா. அண்டைக்குப் பேசின அப்புக்காத்துமார் ஒருத்தரும் அதைத் தொடேல்லை. காணிச் சட்டத்தை 2022 இல திருத்திச்சினம். 16 அப்பிடியே கிடக்கு.

சமஷ்டியோ ஒற்றையாட்சியோ எண்டு கேட்டால் மேடையில கேட்டதைத்தான் சனம் திருப்பிச் சொல்லும். காணி ஆற்ற பேரில, குளத்துத் தண்ணி ஆற்ற முடிவில, பொலிசில முறைப்பாட்டை எந்த மொழியில எழுதுறாங்கள் எண்டு கேட்டுப் பார். விடிய விடியக் கதைக்கும். அதை உறுப்புரையாய் எழுதத் தெரிஞ்சவன் வேணும். எழுதினதைக் கொண்டு திரும்பி வரவும் வேணும். எங்களிட்ட ஒருத்தரும் திரும்பி வரேல்லை.

சரி, பிரசங்கம் காணும். திமோரில 2002 இல வரைபைத் திரும்பச் சனத்திட்டக் கொண்டுபோனவையாம். அங்க கிழவியள் என்ன கேட்டவை எண்டு எங்கயாவது கிடைச்சால் அனுப்பு. புழுக்கொடியல் கட்டி வைச்சிருக்கு, ஆர் வருகினம் எண்டு சொல்லு.

உன்ர
பழைய பாவி