அரக்குப் புடவை செங்கல் நிறமானது யாரால்?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். போன வாரம் இந்தப் பகுதியில் ஒரு வாசகர், மகள் கல்யாண ஆல்பத்தில் எல்லார் முகமும் கறுத்துப்போய் வந்திருக்கிறது, ஸ்டுடியோவில் கேட்டால் படத்தைக் காகிதத்தில் அடித்துத் தருகிற லேபைக் கை காட்டுகிறார்கள், லேபில் கேட்டால் ஸ்டுடியோவைக் கை காட்டுகிறார்கள் என்று எரிச்சலோடு எழுதியிருந்தார். கும்பகோணத்தில் இருபது வருஷத்துக்கு மேலாக ஸ்டுடியோ நடத்துகிறவன் சொல்கிறேன், அவர் கோபம் நியாயம்தான். பெரும்பாலும் தப்பு எங்கள் பக்கம்தான், இன்னும் சரியாகச் சொன்னால் எங்கள் மேஜை மேல் இருக்கிற மானிட்டரில்.

என் கதையையே சொல்கிறேன். ஆறேழு வருஷத்துக்கு முன்னால், தை மாத முகூர்த்தம் ஒன்று. நாற்பது பக்க ஆல்பம், ராத்திரி கண் விழித்துப் பார்த்துப் பார்த்துச் செய்தது. டெலிவரி கொடுத்த இரண்டாம் நாள் பெண்ணின் அம்மா வந்தார், கையில் ஒரு மஞ்சள் பை. ஆல்பத்தைப் பிரித்து வைத்தார், பைக்குள்ளிருந்து கூறைப்புடவையை எடுத்து அதன் பக்கத்திலேயே விரித்தார். “தம்பி, இதுவா அது?” அவ்வளவுதான் கேட்டார். புடவை நல்ல அரக்கு. ஆல்பத்தில் செங்கல். மாப்பிள்ளை முகமோ விளக்கு வைக்கிற நேரத்தில் எடுத்த மாதிரி இருந்தது, தாலி கட்டியது என்னவோ காலை ஒன்பது மணிக்கு.

நேராக லேபுக்குப் போய்ச் சத்தம் போட்டேன். அங்கே மெஷின் பார்க்கிற பையன் அலட்டிக்கொள்ளவே இல்லை. “அண்ணே, நாங்க தினம் காலையில டெஸ்ட் பிரிண்ட் எடுத்து, அதை மெஷினே அளந்து சரிபண்ணின அப்புறம்தான் வேலையை ஆரம்பிக்கிறோம். உங்க மானிட்டரை நீங்க கடைசியா எப்ப அளந்தீங்க?” என்றான். மளிகைக் கடைத் தராசுக்கு முத்திரை போட வேண்டும் என்று தெரியும், மானிட்டரை அளப்பார்கள் என்று அன்றைக்குத்தான் கேள்விப்பட்டேன். வெட்கமாகத்தான் இருந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவனே, திரையின் நிறத்தை அளக்கிற மீட்டரோடு வந்தான். மவுஸ் அளவுக்கு ஒரு சாமான், அதன் ஒயரில் ஒரு சின்ன எடைக்கட்டி, அதை மானிட்டருக்குப் பின்னால் தொங்கவிட்டால் மீட்டர் திரை மேல் பல்லி மாதிரி ஒட்டிக்கொண்டு நிற்கும். மென்பொருள் சிவப்பு, பச்சை, நீலம், சாம்பல் என்று ஒவ்வொரு நிறமாகத் திரையில் காட்டிக்கொண்டே போகிறது, மீட்டர் படிக்கிறது. என் மானிட்டரின் வெளிச்சம் 280 கேண்டெலா என்று வந்தது. பிரிண்டுக்கு வேலை செய்கிற திரை சதுர மீட்டருக்கு 80 முதல் 120 கேண்டெலாவுக்குள் இருந்தால் போதும். வெள்ளையின் நிறம் 6500 கெல்வின் இருக்க வேண்டியது, எனக்கு 8000-ஐத் தாண்டியிருந்தது, அதாவது நீலம் பாய்ந்த வெள்ளை.

அப்போதுதான் புரிந்தது. திரை நீலமாக இருக்கும்போது முகம் வெளிறித் தெரியும், கை தன்னால் மஞ்சளைக் கூட்டும், நான் கூட்டிய அந்த மஞ்சள்தான் அரக்கைச் செங்கலாக்கியது. திரை பளீரென்று இருக்கும்போது படம் ஓவராக எரிகிற மாதிரி தெரியும், உடனே வெளிச்சத்தைக் குறைப்போம், காகிதத்துக்கோ சொந்த வெளிச்சம் கிடையாது, அறையில் விழுகிறதைத் திருப்பித் தருவதோடு சரி, முகம் கறுக்காமல் என்ன செய்யும்? கண்ணை நம்பவும் முடியாது. பத்து நிமிஷம் எதைப் பார்த்தாலும் அதையே வெள்ளை என்று ஒத்துக்கொள்கிற அப்பிராணி அது. விண்டோஸில் கண்ணால் பார்த்துச் சரிசெய்கிற வசதி இருக்கிறதே என்பார்கள், ஒன்றும் இல்லாததற்கு அது தேவலை, வெள்ளை விஷயத்தில் அதை நம்பாதீர்கள்.

சரிபண்ணி முடித்ததும் திரை பழுப்பேறிய காகிதம் மாதிரி இருந்தது. கடைப் பையன் “மானிட்டர் போயிடுச்சுண்ணே” என்றான். இரண்டு நாள் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தோம், கண் பழகிவிட்டது. அதே ஆல்பத்தைத் திரும்பச் செய்து என் செலவிலேயே அடித்துக் கொடுத்தேன்.

இது ஒன்றும் புது வித்தை இல்லை. ஒவ்வொரு கருவியும் நிறத்தை எப்படிக் காட்டுகிறது என்று ஒரு கோப்பில் எழுதிவைக்கிற முறையைக் கொண்டுவர ஆப்பிள், அடோபி, கோடாக், மைக்ரோசாஃப்ட் எல்லாம் கூடி 1993-லேயே ஐசிசி என்ற அமைப்பைத் தொடங்கிவிட்டார்கள் (கிரிக்கெட் ஐசிசி வேறு). அந்தக் கோப்புதான் புரொஃபைல். மீட்டர் வேலை முடிந்ததும் உங்கள் மானிட்டருக்கான புரொஃபைல் உருவாகும், போட்டோஷாப் அதைப் படித்துத்தான் சரியான நிறத்தைக் காட்டுகிறது. நான் பார்த்த இன்னொரு கூத்து, பெரிய கேமரா வாங்கிய பெருமையில் படத்தை அடோபி ஆர்ஜிபி என்ற, கூடுதல் நிறங்களை அடக்குகிற நிறக் கணக்கில் சேமித்து அப்படியே லேபுக்கு அனுப்புவது. அங்கே மெஷின் அதை வழக்கமான, சின்ன நிறக் கணக்கான எஸ்-ஆர்ஜிபி என்று எடுத்துக்கொண்டால் நிறம் செத்துப்போகும். உங்கள் லேபில் எது வேண்டும் என்று ஒரு போன் போட்டுக் கேட்டுவிடுங்கள், அவர்களிடம் காகிதத்துக்கான புரொஃபைல் இருந்தால் வாங்கி, போட்டோஷாப்பின் புரூஃப் செட்டப்பில் அதைத் தேர்ந்தெடுத்து, கன்ட்ரோலும் ஒய்யும் அழுத்தி பிரிண்ட் எப்படி வரும் என்று முன்கூட்டியே பாருங்கள்.

மீட்டர் விலை அதிகம் என்று தொழில்காரர்கள் சொல்வார்கள். ஒரு நல்ல லென்ஸ் விலை வராது. எங்கள் தெருவில் மூன்று ஸ்டுடியோ சேர்ந்து ஒன்று வாங்கியிருக்கிறோம், மாதம் ஒரு தரம் கை மாறும். அதுவும் முடியாதா, மானிட்டரை அரைமணி நேரம் எரியவிடுங்கள், மெனுவில் 6500 அல்லது எஸ்-ஆர்ஜிபி வையுங்கள், திரையை மஞ்சளாக்குகிற நைட் லைட் வசதியை அணையுங்கள், பக்கத்தில் ஒரு வெள்ளைத் தாளைப் பிடித்துத் திரை வெளிச்சத்தை அதற்குச் சமமாக இறக்குங்கள், முழு ஆல்பத்துக்கு முன்னால் முகமும் புடவையும் உள்ள ஒரே ஒரு படத்தைச் சின்ன அளவில் அடித்து வாங்கிப் பாருங்கள். அப்புறம், ரோஸ் கலர் மாதிரி நிறச் சுவர் கண்ணை ஏமாற்றும். திரைக்குப் பின்னால் சுவர் சாம்பலாகவோ வெள்ளையாகவோ இருக்கட்டும்.

எல்லாம் செய்தாலும் சில நிறங்கள் பிடிபடாது என்பதையும் சொல்லிவிட வேண்டும். மயில்கழுத்து நிறத்தை எடுத்துக்கொள்ளுங்கள், பாவு (நீள நூல்) ஒரு நிறம், ஊடை (குறுக்கு நூல்) ஒரு நிறம், பெண் திரும்பி உட்கார்ந்தால் புடவையே வேறு, எந்தப் படத்தை வைத்துச் சரிபார்ப்பது? போதாததற்கு அந்தப் பச்சை நீலம் எஸ்-ஆர்ஜிபி எல்லைக்கு வெளியே போய்விடும். இன்னொன்று, மாநிறப் பெண்ணை மாவு பூசின மாதிரி வெளுப்பாக்கச் சொல்கிற வீட்டாரும், கேட்காமலேயே அதைச் செய்கிற எங்கள் ஆட்களும் இருக்கும்வரை, மீட்டர் அங்கே ஒன்றும் பண்ண முடியாது.

அந்த வாசகருக்கு ஒரு வார்த்தை. நம் அம்மாக்கள் துணிக்கடையில் புடவையை வாசல் வெளிச்சத்துக்குத் தூக்கிப் போய்ப் பார்த்துவிட்டுத்தானே எடுப்பார்கள், ஆல்பத்தையும் அப்படியே காலை பத்து மணிக்கு வாசல் திண்ணைக்குக் கொண்டுபோய், வெயில் நேரே படாமல் பாருங்கள். அங்கே முகம் தெளிவாக இருந்தால் குறை உங்கள் கூடத்து விளக்கில். அங்கேயும் கறுப்பாகவே இருந்தால் ஸ்டுடியோவுக்குப் போங்கள், லேபைப் பற்றிப் பேச்செடுத்தால் காதில் வாங்காதீர்கள், மானிட்டரை எந்தத் தேதியில் அளந்தீர்கள் என்று மட்டும் கேளுங்கள். என் மானிட்டரின் ஓரத்தில் அந்தத் தேதியைத் துண்டுச் சீட்டில் எழுதி ஒட்டியிருக்கிறேன். அந்த அம்மாவின் இளைய மகள் கல்யாண ஆல்பமும் போன ஆவணியில் என்னிடம்தான் வந்தது. இந்தத் தடவை புடவையை முன்கூட்டியே கொடுத்தனுப்பிவிட்டார்.

இப்படிக்கு,
ஒரு ஸ்டுடியோக்காரர்,
கும்பகோணம்